கவுன்சிலருக்கும் நமக்கும் நடுவில் எல்லை எதுவரை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள், அவர்கள் வீட்டார், புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் என மூன்று தரப்பாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைச் சேர்த்திருக்கிறோம். சட்டம் பற்றிச் சொல்பவை இந்தியாவுக்கு உரியவை.

மனசு விட்டுப் பேசத்தானே போறோம், அங்க எதுக்கு எல்லை?

மனம் விட்டுப் பேச முடிவதே அந்த எல்லை இருப்பதால்தான். தோழியிடம் பேசினால் அவள் முகம் வாடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த வாரம் அவள் கதையை நாம் கேட்க வேண்டும். நாளைக்குச் சண்டை வந்தால் சொன்னதெல்லாம் வெளியே வருமோ என்ற பயமும் இருக்கும். ஆலோசகரிடம் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. செஷன் எனப்படும் அந்த 45 அல்லது 50 நிமிட அமர்வு முழுவதும் உங்களுக்கு மட்டும். பதிலுக்கு நீங்கள் தர வேண்டியது கட்டணம் ஒன்றுதான்.

நேரம், இடம், பணம், ரகசியம், தொடுதல், வெளியில் வைத்துக்கொள்ளும் தொடர்பு, ஆலோசகர் தன்னைப் பற்றிச் சொல்வது ஆகிய ஏழு விஷயங்களில்தான் எல்லைச் சிக்கல் வரும். உங்கள் பயம், கடன், படுக்கையறைச் சங்கடம் எல்லாம் அவருக்குத் தெரியும். அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்படி ஒரு பக்கம் மட்டுமே திறந்திருக்கும் உறவில் தெரிந்தவர் கைதான் ஓங்கியிருக்கும். அதனால் எல்லையைக் காக்கும் பொறுப்பு முழுக்க அவருடையது. கிளையன்ட் தாண்டச் சொன்னார், அதனால் தாண்டினேன் என்ற பதில் எங்கேயும் செல்லாது.

சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எல்லை மீறல்னு சொல்லுவீங்களா?

மாட்டோம். குத்தெயில், காபார்ட் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1993-இல் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள்: எல்லையைத் தாண்டுவது ஒன்று, எல்லையை மீறுவது இன்னொன்று. செஷன் முடிந்ததும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டவரை வாசல்வரை கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஆட்டோ ஏற்றிவிடுவது தாண்டல். அதில் கெடுதல் இல்லை, நன்மையும் உண்டு. அதே நபரைத் தினமும் தன் வண்டியில் வீட்டில் இறக்கிவிடுவது மீறலை நோக்கிப் போகும் பாதை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆலோசகர் தன்னையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இது யாருடைய தேவைக்காக? இதை அப்படியே கேஸ் குறிப்பில் எழுதி, நம் வேலையைக் கவனித்து வழிகாட்டும் மூத்தவரான மேற்பார்வையாளரிடம் காட்ட முடியுமா? இரண்டாவது கேள்விக்குக் கை தயங்கினால் அந்தக் காரியத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். கீழே வரும் பல பதில்கள் இந்த இரண்டு கேள்விகளைத்தான் திரும்பத் தொடுகின்றன.

முதல் நாளே ஒரு ஃபார்ம் நீட்டி கையெழுத்து கேக்குறாங்க. போடலாமா?

படித்துவிட்டுப் போடுங்கள். ஃபார்ம் தராதவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: ஆலோசகரின் படிப்பு, பதிவெண், செஷன் நீளம், கட்டணம், வராவிட்டால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், செஷனுக்கு வெளியே எப்படித் தொடர்புகொள்வது, ரகசியம் எந்தெந்தச் சூழ்நிலையில் உடையும், உங்களைப் பற்றிய குறிப்பை எங்கே வைப்பார், யாரிடம் கலந்து பேசுவார், குறை இருந்தால் யாரிடம் சொல்வது. தமிழில் இல்லையென்றால் வாய்விட்டு விளக்கச் சொல்லுங்கள்.

பதிவெண் கேட்பது மரியாதைக் குறைவில்லை. மனநல மருத்துவர் மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. பதிவேட்டில் இருக்க வேண்டும். வெறும் ‘கவுன்சிலர்’ என்ற பெயருக்கு அப்படி வேரூன்றிய பதிவேடு கிடையாது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் உளவியல், ஆலோசனைப் பணிகளை ஒரு வரையறைக்குள் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியது. ஆகவே அவரிடம் எங்கே படித்தார், யார் மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று நேராகக் கேளுங்கள்.

மேடம்னு கூப்பிட ஒரு மாதிரி இருக்கு. அக்கான்னு கூப்பிடலாமா?

கூப்பிடலாம். பஸ் கண்டக்டரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறோம். சிக்கல் சொல்லில் இல்லை, ஆலோசகர் நிஜமாகவே அக்காவாக மாறிவிடுவதில் இருக்கிறது. கட்டணம் கேட்கக் கூச்சப்படுவார், ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்று குடும்பத்துப் பெரியவர் போலத் தீர்ப்புச் சொல்லத் தொடங்குவார். அங்கே ஆலோசனை நின்றுவிடுகிறது.

ஆலோசகர் பக்கத்தில் விதி இன்னும் கறார். வயது வந்தவரை ‘நீ’, ‘டா’, ‘கண்ணு’ என்று கூப்பிட வேண்டாம். வயதில் எவ்வளவு சிறியவரானாலும் ‘நீங்கள்’தான் பாதுகாப்பு. பள்ளிப் பிள்ளைகளிடம், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம எல்லாத்தையும் கொட்டுறோம். எந்த ஊரு, கல்யாணம் ஆச்சான்னு கேட்டா அவங்க மழுப்புறாங்களே?

படிப்பு, அனுபவம், உங்கள் பிரச்சினையில் பயிற்சி உண்டா என்பவற்றுக்கு மழுப்பாமல் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொந்த வாழ்க்கை வேறு. அவருக்கு விவாகரத்து ஆனது தெரிந்தால், உங்கள் திருமணத்தைப் பற்றி அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் கேட்பீர்கள். சில பேர் அவர் மனம் நோகுமே என்று பாதியை மறைத்தும்விடுவார்கள்.

‘எந்த ஊரு’ என்ற கேள்விக்கு நம்மூரில் இன்னொரு அடியும் உண்டு. ஊர், தெரு, குலதெய்வம் என்று போய்ச் சாதியில் முடியும் கேள்வி அது. ஆலோசகர் அந்த வழியில் ஒருபோதும் கேட்கக் கூடாது. காதல் திருமணத்துக்கு எதிர்ப்பு, ஹாஸ்டலில் ஒதுக்கல் என்று பிரச்சினையே சாதியாக இருந்தால், ‘இதில் சாதிக்குப் பங்கு இருக்கா?’ என்று வெளிப்படையாகக் கேட்கலாம். கிளையன்ட் ‘எந்த ஊரு’ என்று கேட்டால் மழுப்பலைவிட, ‘நான் உங்களைப் புரிந்துகொள்வேனா என்ற சந்தேகம் இருக்கிறதா?’ என்று கேட்பது நேர்மையானது. பெரும்பாலும் உள்ளே இருப்பது அதுதான்.

ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் பண்ணேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. நான் செத்தாலும் கவலை இல்லையா?

இந்த வலியில் பாதிக்கு மேல் ஆலோசகர் முதல் நாளே பேசாமல் விட்டதால் வருவது. வேலைக்கென்று தனி எண் இருக்க வேண்டும். அதில் ப்ளூ டிக், லாஸ்ட் சீன் இரண்டையும் அணைத்து, ஸ்டேட்டஸில் குடும்பப் படம் வைக்காமல் இருக்க வேண்டும். நேரம் குறிக்கவும் மாற்றவும் மட்டும் வாட்ஸ்அப் என்பதையும், எத்தனை மணிக்குள் பதில் வரும் என்பதையும் ஃபார்மிலேயே எழுத வேண்டும். தானாகப் போகும் பதிலை வாட்ஸ்அப் பிசினஸில் அமைக்கலாம்: ‘காலை 10 முதல் மாலை 6 வரை செய்திகளைப் பார்ப்பேன். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 14416 அல்லது 112-ஐ அழையுங்கள்.’ 14416 என்பது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

நல்ல மனதோடு எல்லா இரவும் பதில் போடுகிற ஆலோசகர்களும் இருக்கிறார்கள். முதல் வாரம் அது ஆறுதல். ஒரு மாதத்தில், அவர் பதில் வராமல் தூங்க முடியாத நிலைக்குக் கிளையன்ட் வந்துவிடுவார். ஏதோ ஒரு நாள் ஆலோசகருக்குக் காய்ச்சல், போன் அணைந்திருக்கும். அன்றைக்கு அது கைவிடப்பட்டது போல விழும். தொடங்காமலே இருந்ததைவிட இது கொடுமை.

தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும். செஷனிலேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எண்ணம் வலுக்கும்போது தெரியும் அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடிய மூன்று காரியங்கள், கூப்பிடக்கூடிய இரண்டு பேர் எண்ணோடு, 14416, அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவு, வீட்டில் யாரிடம் மாத்திரைகளும் பூச்சிமருந்தும் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன என்பது. அந்தத் தாளை அவர் போட்டோ எடுத்துக்கொண்டு போகட்டும்.

பொங்கலுக்கு ஒரு டப்பா லட்டு குடுத்தேன். வாங்கத் தயங்குறாங்க. இதுல என்ன தப்பு?

உங்கள் பக்கம் எந்தத் தப்பும் இல்லை. பண்டிகைப் பலகாரத்தைத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கத்தில் முகத்தில் அடித்த மாதிரி. வீட்டு மாம்பழம், பலகாரம், பிள்ளை வரைந்த படம் போன்றவற்றை வாங்கிக்கொண்டு, அன்றைய குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பணம், தங்கம், பட்டுப்புடவை, போன், ‘எங்க கடையில எப்ப வேணா எடுத்துக்கங்க’ என்ற சலுகை ஆகியவற்றை வாங்கக் கூடாது.

பொருளைவிட நேரத்தைக் கவனியுங்கள். மூன்று மாதக் கட்டணம் பாக்கி இருக்கும்போது வரும் பரிசு, போன வாரம் கோபித்துக்கொண்டு போனவர் கொண்டுவரும் பரிசு, கோர்ட்டுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்ட மறுநாள் வரும் பரிசு: இவற்றில் பேச வேண்டியது இருக்கிறது. ‘உங்கள் அன்பு புரிகிறது. இதை வாங்கிக்கொண்டால் உங்களிடம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டிய நாளில் என் நாக்கு தயங்கும்’ என்று சொல்லி மறுத்தால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள்.

கோயில்ல நேருக்கு நேர் பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டாங்க. அவ்ளோ கேவலமா நான்?

உங்களைக் காப்பாற்றத்தான் போனார். பக்கத்தில் நின்ற மாமியாரோ அலுவலகத் தோழியோ ‘யாரு இவங்க?’ என்று கேட்டால் நீங்கள் பொய் சொல்ல வேண்டியிருக்கும். வெளியில் ஆலோசகர் முந்திக்கொண்டு பேச மாட்டார். நீங்கள் பேசினால் அவரும் பேசுவார், ஆனால் செஷன் விஷயத்தைத் தொட மாட்டார். இதை முதல் செஷனில் சொல்லாமல் விடுவதால்தான் மனக்கசப்பு வருகிறது. சிறிய ஊரில் ஒரே மளிகைக் கடை, ஒரே பள்ளி என்று இருக்கும்போது இது வாரத்துக்கு ஒருமுறை நடக்கும்.

கிளையன்ட் கல்யாணப் பத்திரிகை வைத்தால், ஆலோசகர் பொதுவாக வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது. போக வேண்டிய தனிக் காரணம் இருந்தால், உறவினர் கேட்டால் என்ன சொல்வது என்று இருவரும் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

எம் பொண்ணுக்கு நான்தான் ஃபீஸ் கட்டுறேன். அவ என்ன பேசினான்னு பெத்தவகிட்ட சொல்ல மாட்டீங்களா?

மகளுக்கு 18 வயது நிரம்பியிருந்தால், அவள் சம்மதம் இல்லாமல் சொல்ல முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 மனநலச் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. பணம் கட்டுவதால் ரசீது கிடைக்கும், பேச்சின் உள்ளடக்கம் கிடைக்காது. ஆனால் நீங்கள் சொல்வதை ஆலோசகர் கேட்கலாம். ‘நீங்கள் சொன்னதை மகளிடம் மறைக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கேட்பார்.

18-க்குக் கீழ் இருந்தால், தொடக்கத்திலேயே மூவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். தூக்கம், சாப்பாடு, முன்னேற்றம் பற்றிப் பொதுவாகப் பெற்றோருக்குச் சொல்லப்படும், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் உடனே சொல்லப்படும், மற்றது பிள்ளையிடமே இருக்கும். இந்த மூன்று வரிக்குப் பெற்றோர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பிள்ளை வாய் திறக்காது, கட்டுகிற பணமும் வீண்.

ரகசியம் உடையும் இடங்களும் அதே பிரிவில் உண்டு: இன்னொருவருக்குத் தீங்கு வராமல் தடுக்க, உயிராபத்தைத் தடுக்க, சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்களுக்காக, நீதிமன்றமோ சட்டப்படியான அமைப்போ உத்தரவிட்டால். அப்போதும் அந்தத் தேவைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும், மொத்தக் கதையையும் அல்ல.

நான் ஸ்கூல் கவுன்சிலர். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டு ஒரு பொண்ணு சொல்லப் பாக்குது. சத்தியம் பண்ணலாமா?

பண்ணக் கூடாது. ‘நீ சொல்வதைப் பெரும்பாலும் என்னோடு வைத்துக்கொள்வேன். உனக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்றால், அதை நிறுத்த இன்னொருவர் உதவி வேண்டியிருக்கும். யாரிடம் சொல்வதானாலும் முதலில் உன்னிடம் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். இதற்குப் பிறகும் பிள்ளைகள் பேசுவார்கள்.

பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-படி காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தருவது கட்டாயம். தராவிட்டால் பிரிவு 21-இல் 6 மாதம்வரை சிறை அல்லது அபராதம் உண்டு. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டுவரை சிறையும் அபராதமும். ‘ஸ்கூல் பேரு கெட்டுடும், முதல்ல நாங்க விசாரிக்கிறோம்’ என்று நிர்வாகம் சொன்னால், அந்தப் பேச்சைத் தேதியோடு எழுதிவைத்துவிட்டு நீங்களே தகவல் கொடுங்கள். நல்லெண்ணத்தோடு தந்தவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாது. 1098 குழந்தைகள் உதவி எண்ணும் கைகொடுக்கும்.

துருவித் துருவிக் கேட்காதீர்கள், அது விசாரணை அதிகாரியின் வேலை. பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தைப் போலீஸ் சீருடை இல்லாமல், பிள்ளையின் வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ வந்து எடுக்க வேண்டும் என்று பிரிவு 24 சொல்கிறது. இதை முன்கூட்டியே சொன்னால் அந்த முகத்தில் பயம் கொஞ்சம் இறங்கும்.

எங்க காலேஜ்ல எனக்கு இன்டர்னல் மார்க் போடுற சாரே கவுன்சிலரும். அவர்கிட்ட போகலாமா?

வேண்டாம். மார்க் போடுகிற கை ரகசியத்தையும் வைத்திருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவரானாலும் நீங்கள் அளந்துதான் பேசுவீர்கள். வேறு துறை ஆலோசகரையோ வெளி ஆலோசகரையோ கேளுங்கள். உறவினர், வீட்டு உரிமையாளர், கடன் கொடுத்தவர், வேலை கொடுத்தவர் எல்லோருக்கும் இதே விதி. சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவரே என்றால் போன் வழி, வீடியோ வழி ஆலோசனை இப்போது உண்டு.

அழும்போது தோளைத் தட்டிக் குடுத்தா தப்பா?

கேட்டுவிட்டுத் தொட்டால், ஒருமுறை, தோளோடு நின்றால் மேலே சொன்ன ‘தாண்டல்’ வகைதான். ஆனால் தொடுதலாலேயே காயப்பட்டவரிடம் அதுவும் வேண்டாம். டிஷ்யூ பெட்டியை அருகில் நகர்த்தி வைத்துவிட்டு அமைதியாக இருப்பது பல நேரம் அதைவிடப் பெரிய ஆறுதல். கட்டிப்பிடிப்பது, மடியில் சாய்ப்பது, தலைகோதுவது எந்தச் சிகிச்சை முறையின் பெயரிலும் ஏற்க முடியாதவை.

எனக்கு என் தெரபிஸ்ட் மேல காதல் மாதிரி ஏதோ வந்திருக்கு. வெட்கமா இருக்கு. சொல்லிடலாமா?

சொல்லலாம். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் குறுக்கே பேசாமல், குறை சொல்லாமல், போன் பார்க்காமல் உங்களைக் கேட்கிறார்; மனம் ஒட்டிக்கொள்வதில் வியப்பு என்ன? உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய ஃபிராய்ட் 1915-லேயே இதற்கென்று தனிக் கட்டுரை எழுதினார். அப்பாவிடம், கணவரிடம், யாரிடமோ கிடைக்காத ஒன்று இங்கே வந்து நிற்கிறது. அதைப் பேசினால் சிகிச்சை ஆழமாகப் போகும். மறைத்தால் செஷனை நிறுத்திவிடத் தோன்றும்.

சொன்ன பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நல்ல ஆலோசகர் கூசிப்போக மாட்டார், உங்களைக் கூசவைக்கவும் மாட்டார். ‘சொன்னதற்கு நன்றி. நமக்குள் அப்படி ஓர் உறவு ஒருபோதும் இருக்காது. ஆனால் இந்த உணர்வு உங்களைப் பற்றி நிறையச் சொல்கிறது, பேசலாமா?’ என்கிற மாதிரிப் பதில் வரும். ‘எனக்கும் அப்படித்தான்’, ‘இதை வெளியில் சொல்லாதே’, ‘அடுத்த செஷனைக் காபி ஷாப்பில் வைக்கலாம்’ என்ற மூன்றில் எது வந்தாலும் அங்கிருந்து எழுந்துவிடுங்கள். உணர்வு வந்தது உங்கள் குற்றமில்லை. அதைப் பயன்படுத்துவது அவருடைய குற்றம்.

செஷன் எல்லாம் முடிஞ்சாச்சு. இப்ப பழகலாம்ல?

அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, முடிந்து குறைந்தது 2 ஆண்டுக்குள் பாலுறவு கூடாது என்கிறது; அதற்குப் பிறகும் மிக அரிதான சூழ்நிலையில் மட்டுமே, சுரண்டல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உளவியலாளருடையது. அமெரிக்க ஆலோசனைச் சங்கம் 5 ஆண்டு என்று வைத்திருக்கிறது. எங்கள் கருத்து இரண்டையும்விடக் கறார்: ஒருபோதும் வேண்டாம். அவர் உங்களைப் பற்றி அறிந்துவைத்திருப்பது ஆண்டுக்கணக்கில் அழிவதில்லை. மேலும், பின்னொரு நாள் மீண்டும் உதவி தேவைப்பட்டால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

நான் புது கவுன்சிலர். ஒரு கிளையன்ட் மேல எனக்கே மனசு சாயுது. தொழிலை விட்டுடணுமா?

விட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். சாய்வு காட்டும் தடயங்கள் உடம்புக்கு முன்பே அட்டவணையில் தெரியும்: அவர் செஷன் 70 நிமிடம் போகும், நாளின் கடைசி நேரம் அவருக்கே ஒதுங்கும், கட்டணம் கேட்க மறக்கும், அவர் வரும் நாளில் சட்டையைத் தேர்ந்தெடுப்பீர்கள், கேஸ் குறிப்பு ஒல்லியாகும். பரிதாபத்தால் வரும் சாய்வும் இதே தடத்தில்தான் போகும்.

அந்த வாரமே மேற்பார்வையாளரிடம் பெயரை மறைத்துப் பேசுங்கள். நேரத்தையும் கட்டணத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தணியவில்லை என்றால் வேறு ஆலோசகரிடம் அனுப்புங்கள். ‘உங்கள் பிரச்சினைக்கு என்னைவிடப் பொருத்தமானவர் இருக்கிறார்’ என்பது போதும். உங்கள் ஈர்ப்பை அவரிடம் சொல்லி அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றாதீர்கள். விடைபெற ஒன்றிரண்டு செஷன் கொடுங்கள்.

எல்லை மீறிட்டாங்கன்னு தோணுது. யார்கிட்ட போறது? ஆதாரம் வேணுமா?

முதலில் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள். செய்திகளைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய பதிவு, செஷன் தேதிகள், நடந்ததை உங்கள் சொல்லில் ஒரு பக்கம். கோபத்தில் அரட்டையை அழித்துவிடாதீர்கள்.

மனநல மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. மனநல மருத்துவமனையிலோ விடுதியிலோ நடந்திருந்தால் 2017 சட்டத்தின் பிரிவு 28-படி பொறுப்பாளரிடமும், அடுத்து மனநல மறுஆய்வு வாரியத்திடமும், மாநில மனநல ஆணையத்திடமும் புகார் தரலாம். பாலியல் தொல்லை என்றால், 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் அங்கே வேலை செய்யாத பெண்ணுக்கும் பொருந்தும். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம், அல்லது புகாரே முதலாளி மீது என்றால் மாவட்ட உள்ளூர்க் குழு. 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள். தன் பொறுப்பில் உள்ள பெண்ணை நம்பிக்கை உறவைப் பயன்படுத்திப் பாலுறவுக்கு இணங்கவைப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 68-இல் குற்றம், 5 முதல் 10 ஆண்டு சிறை. உங்கள் விஷயத்துக்கு அது பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

விடைபெறும் செஷனுக்குப் போக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ‘இனி வரவில்லை’ என்று ஒரு வரி அனுப்பினால் போதும், அதுவும் விருப்பம் இருந்தால். அடுத்த ஆலோசகரிடம் போகும்போது முதல் நாளிலேயே, ‘முன்பு போன இடத்தில் இப்படி நடந்தது, நம்புவதற்கு எனக்கு நேரம் ஆகும்’ என்று சொல்லிவிடுங்கள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும், கதவு சாத்தியிருந்தாலும் தாழ் போடக் கூடாது, முதல் சில செஷன்களுக்குத் தோழி வெளியே காத்திருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.